விளையாடாமல் கிடக்கும் விளையாட்டுகள்

இரவு பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்து தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்தோ அனல்மின் நிலையத்திலிருந்தோ வீட்டுக்கு வருகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது முப்பத்தைந்து இருக்கலாம். குளித்து, சாப்பிட்டு, பிள்ளைகள் தூங்கியபின் கம்ப்யூட்டர் முன் உட்கார மணி பதினொன்றரை. கையில் இருப்பது ஒரு மணி நேரம். திரையில் அவர் வாங்கிவைத்த வீடியோ கேம்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன, இருநூறுக்குக் குறையாது. ஒன்றைத் திறக்கிறார், நாற்பது ஜிபி அப்டேட் கேட்கிறது. இன்னொன்றைத் திறக்கிறார். எட்டு மாதத்துக்கு முன் பாதியில் விட்டது. எந்தப் பொத்தான் எதற்கு என்று கை மறந்துவிட்டது. மூன்றாவதைத் தொட மனசு வரவில்லை. கடைசியில், வருடக்கணக்காக ஆடிவரும் கால்பந்து கேமை இருபது நிமிடம் ஆடிவிட்டு எழுந்துவிடுகிறார். படுக்கப் போகும்போது கைபேசியில் ஒரு அறிவிப்பு: எழுபத்தைந்து சதவீதத் தள்ளுபடி. வாங்கிவிடுகிறார்.

இதைச் சோம்பல் என்றோ ஊதாரித்தனம் என்றோ சொல்லி முடித்துவிடலாம். அப்படிச் சொல்கிறவர்கள் இந்தப் பிரச்சினையின் அளவைப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். 2014இல் ஆர்ஸ் டெக்னிக்கா இதழ் கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தின் பயனர் கணக்குகளை ஆராய்ந்தபோது, பதிவான விளையாட்டுகளில் ஏறத்தாழ 37 சதவீதம் ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை என்று தெரிந்தது. பத்து ஆண்டு கழித்து, 2024க்கான ஆண்டுத் தொகுப்பை ஸ்டீமே வெளியிட்டது. அந்த ஆண்டு வெளியான விளையாட்டுகளுக்குப் பயனர்கள் செலவிட்டது அவர்களுடைய மொத்த நேரத்தில் 15 சதவீதம்தான். எட்டு ஆண்டுக்கு மேல் பழசானவை 37 சதவீதத்தை எடுத்துக்கொண்டன. எல்லாரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் பயனர் ஆண்டு முழுவதும் ஆடியவை நான்கே நான்கு. அதே ஆண்டில் அந்தக் கடைக்குப் புதிதாக வந்தவையோ 18 ஆயிரத்துக்கும் மேல். ஆண்டுக்கு நான்கு ஆடுகிறவர் இருநூறு வைத்திருந்தால், இனி ஒன்றுகூட வாங்காவிட்டாலும் தீர ஐம்பது ஆண்டாகும். தனிமனிதப் பலவீனம் மட்டும் இப்படி உலகம் முழுக்க ஒரே மாதிரி விளைவைத் தராது.

நம் ஊரில் இது எப்படி வந்தது என்று பார்த்தால் காரணம் கொஞ்சம் விளங்கும். இன்று முப்பதைத் தாண்டியவர்கள் பஞ்சத்தில் விளையாடி வளர்ந்தவர்கள். தொண்ணூறுகளில் டிவியோடு இணைக்கும் எட்டு பிட் பெட்டி. கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று அச்சடித்திருக்கும், உள்ளே நாலைந்து விளையாட்டே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். அடுத்து பிரவுசிங் சென்டர் காலம். மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி, ஒருவர் ஆட மூன்று பேர் பின்னால் நின்று வழிசொன்ன காலம். ரோட் ராஷும் வைஸ் சிட்டியும் கவுன்டர் ஸ்ட்ரைக்கும் அப்படித்தான் நமக்கு அறிமுகமாயின. பிறகு பிளேஸ்டேஷன் 2க்கான நகல் வட்டுகள், சென்னைக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டு வாங்கிவரச் செய்தவை. அசல் விளையாட்டு என்பது நடுத்தரக் குடும்பத்தின் கணக்கிலேயே இல்லை. ஒரு வட்டு கிடைத்தால் அது தேயும்வரை ஆடினோம்.

அப்புறம் அணை உடைந்தது. 2015 நவம்பரில் ஸ்டீம் இந்திய ரூபாயில் விலைபோடத் தொடங்கியது; அதுவரை டாலரில் பணம் கட்டச் சர்வதேச கார்டு வேண்டியிருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைத் தரைக்கு இறக்கியது. 2018 டிசம்பர் முதல் எபிக் என்ற இன்னொரு இணையக் கடை தொடர்ந்து இலவசமாக விளையாட்டுகளைக் கொடுக்க ஆரம்பித்தது. 2020 மே மாதம், ஊரடங்கின் நடுவே, ஜிடிஏ 5ஐ ஒரு வாரம் சும்மா கொடுத்தபோது கூட்டம் தாங்காமல் அந்தத் தளமே படுத்துவிட்டது. பத்து வயதில் எட்டாக் கனியாக இருந்தது முப்பது வயதில் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது வாங்காமல் இருக்க முடியுமா? அப்படி வாங்குகிறவர் பெரும்பாலும் தன் சின்ன வயசுக்குத்தான் வாங்கிக் கொடுக்கிறார். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் ஆடவேண்டியவர் இன்றைய ஆள்; அவருக்கு அந்தச் சின்ன வயசின் மதியங்கள் இல்லை.

இடையில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். தமிழ்நாட்டில் ‘ஆன்லைன் விளையாட்டு’ என்றாலே வீட்டில் பெரியவர்களுக்கு ரம்மிதான் ஞாபகம் வருகிறது. அவர்கள் பயத்துக்குக் காரணம் உண்டு, குடும்பங்கள் அழிந்திருக்கின்றன. மாநில அரசு 2022இல் சட்டமன்றத்தில் நிறைவேற்றிய சட்டமும், ஒன்றிய அரசு 2025இல் கொண்டுவந்த சட்டமும் குறிவைப்பது பணம் கட்டி ஆடும் சூதை. நாம் இங்கே பேசுவது கதைசொல்லும், புதிர்போடும், ஒருமுறை விலைகொடுத்து வாங்கும் விளையாட்டுகளை. இரண்டையும் ஒரே பேச்சில் கலப்பதால்தான் பலர் தங்கள் பொழுதுபோக்கை வீட்டில் ஒளித்து வைக்கிறார்கள். ஒளித்து வைத்த பொழுதுபோக்குக்கு வீட்டு நேரப் பங்கீட்டில் இடம் கிடைப்பதில்லை.

ஆடாமல் சேரும் இந்தக் கிடப்பு ஏன் வளர்கிறது என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை ‘நேரமில்லை’. பாதிதான் உண்மை. நேரமின்மை மட்டுமே காரணம் என்றால் 2020 ஊரடங்கில் எல்லாருடைய பட்டியலும் கரைந்திருக்க வேண்டும். என்னைச் சுற்றி நான் பார்த்தவரை பட்டியல்கள் கூடவே செய்தன. இரண்டாவது விடை ‘தெரிவு அதிகமானதால் திகைப்பு’. இதற்கு எல்லாரும் எடுத்துக்காட்டுவது ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000இல் வெளியிட்ட ஜாம் ஆய்வு. இருபத்து நான்கு வகை ஜாம் வைத்த மேசையில் நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம் பேர் வாங்கினார்கள். ஆறு வகை வைத்த மேசையில் 30 சதவீதம் பேர். பிறகு 2010இல் இத்தகைய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், சராசரியில் அந்த விளைவு ஏறக்குறைய பூஜ்ஜியம் என்றார்கள். ஆகவே அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. எனக்குச் சரியாகப் படும் காரணம் வேறு: கடையும் விளையாட்டு அலமாரியும் ஒரே திரையில் இருக்கின்றன. ஆட உட்கார்ந்தவர் முதலில் பார்ப்பது கடையின் முகப்பை. வாங்குவது ஒரு இன்பம், ஆடுவது வேறு இன்பம். முதலாவதற்கு இரண்டு நிமிடம் போதும், இரண்டாவதற்கு இருபது மணி நேரம் வேண்டும். களைத்த இரவில் எது ஜெயிக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

இதற்குச் சான்று வேண்டுமானால் கப்பலில் போகிறவர்களைப் பார்க்க வேண்டும். தூத்துக்குடியில் தெருவுக்கு ஒருவராவது மாலுமியாகவோ கப்பல் எஞ்ஜினியராகவோ இருப்பார். ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தம். நான்கு மணி நேரம் வாட்ச், எட்டு மணி நேரம் ஓய்வு என்று நாளுக்கு இரு சுற்று. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை எந்த இருபத்து நான்கு மணி நேரத்திலும் குறைந்தது பத்து மணி நேர ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. அதில் தூக்கம் போக மிச்சம் அதிகமில்லை. கரையில் இருக்கும் நமக்குக் கிடைப்பதைவிடக் கூடுதல் என்று சொல்லிவிட முடியாது. இருந்தும், ஊரில் வருடக்கணக்காகத் தொடாத விட்சர் 3ஐயோ ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2ஐயோ ஒரே ஒப்பந்தத்தில் முடித்துவிட்டு இறங்குகிறார்கள். காரணம் எளிது. கேபினில் கடை இல்லை. பையில் எடுத்துப்போன ஹார்டு டிஸ்க்கில் என்ன இருக்கிறதோ அதுதான்.

அந்த ஹார்டு டிஸ்க்கைத் தயார்செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் பாடமாக இருக்கும். கப்பலில் ஏறும் ‘சைன் ஆன்’ தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குவார்கள். பத்துக்குள் தேர்வு: நீளமானவை இரண்டு, குட்டையானவை நாலைந்து, மெஸ் அறையில் நாலு பேர் சேர்ந்து ஆட ஒன்று. ஒவ்வொன்றையும் முழுக்க அப்டேட் செய்து, ஒருமுறை திறந்து, பிறகு ஸ்டீமை ஆஃப்லைன் நிலைக்கு மாற்றி, வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி திறந்து பார்ப்பார்கள். திறக்காததைக் கழித்துவிடுவார்கள். சில விளையாட்டுகள் சில நாளுக்கொருமுறை சர்வரிடம் போய் உரிமையைச் சரிபார்க்கும். நடுக்கடலில் அது பூட்டிக்கொள்ளும் என்று பட்டுத் தெரிந்தவர்கள் அவர்கள். தெரிவு, சோதனை, கழிவு எல்லாமே ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கேபினில் செய்ய மிஞ்சுவது ஆடுவது மட்டும். அண்மைக் காலமாக ஸ்டார்லிங்க் இணைப்பு கப்பல்களுக்கும் வந்துகொண்டிருக்கிறது. வீட்டோடு முகம்பார்த்துப் பேச முடிவது பெரிய ஆறுதல். ஆனால் அதோடு கடையும் கேபினுக்குள் வந்துவிடும்.

கரையில் இருப்பவர் இந்தத் தெரிவையும் கழிவையும் செய்ய முடியாதா? முடியும். நிறுவி வைத்திருப்பது ஐந்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது முதல் வேலை. மீதியை ஸ்டீமில் மறைத்துவைக்கலாம், தொலைந்துபோகாது. தள்ளுபடி மின்னஞ்சல்களை நிறுத்திவிட்டு, திறந்தவுடன் கடைமுகப்பு வராமல் நூலகப் பக்கம் வரும்படி அமைப்பை மாற்றிவிடலாம். இரண்டு நிமிட வேலை. மற்ற எல்லா உத்திகளையும்விட இதற்குப் பலன் அதிகம் என்பது என் கருத்து.

இனி, எதை வைப்பது எதைக் கழிப்பது என்ற கேள்வி. இதற்கு இந்தக் கடற்கரையிலேயே பழைய முறை ஒன்று இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் எல்லா வருடமும் கடலில் இறங்கிவிடவில்லை. முதலில், சிப்பிகள் வளரும் கடலடிப் பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, முத்தைப் பிரித்து, தரம் பார்த்து மதிப்புப் போடுவார்கள். சிப்பி முற்றவில்லை, கட்டுப்படியாகாது என்றால் அந்த வருடம் குளிப்பு இல்லை. தூத்துக்குடியில் கடைசியாக நடந்த தொடர் 1955 முதல் 1961 வரை. அதற்குப் பின் பார்கள் ஒத்துழைக்கவில்லை. விளையாட்டு விஷயத்திலும் எல்லாப் பாரிலும் மூழ்கவேண்டியதில்லை. மாதிரி எடுத்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் கொடுங்கள். அதன்பின் அடுத்த நாளும் திறக்கத் தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரிச் சோதனைக்குப் பணமதிப்பும் உண்டு. 2015 ஜூன் முதல் ஸ்டீமில் ஒரு விதி இருக்கிறது: வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நல்ல உரிமை. ஆனால் வாங்கி ஆறு மாதம் கிடப்பில் போடுகிறவர் அந்த உரிமையைத் தொடாமலே இழந்துவிடுகிறார். தள்ளுபடியில் மிச்சம் பிடித்ததாக நினைக்கும்போதே, பிடிக்காவிட்டால் திருப்பித்தரும் வழியை அடைத்துக்கொள்கிறார். அதனால் நான் நண்பர்களிடம் சொல்வது இது: இந்த வாரம் ஆடப்போவதில்லை என்றால் இந்த வாரம் வாங்காதீர்கள். அடுத்த தள்ளுபடி கட்டாயம் வரும். கோடையில் வரும், குளிர்காலத்தில் வரும், நடுவிலும் வரும். விலை பெரும்பாலும் இன்னும் இறங்கியே இருக்கும்.

வட்டில் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு என்பதைக் கவனித்திருக்கிறேன். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது புதிய வட்டின் விலை 4,999 ரூபாய். அவ்வளவு கொடுத்தவர் விரைவில் ஆடி முடித்து, விலை விழுவதற்குள் விற்றுவிடுவார் அல்லது மாற்றிக்கொள்வார். விற்க முடியும் என்பதே அவரை ஆடவைக்கிறது. டிஜிட்டலில் வாங்கியதை விற்க முடியாது, கொடுக்க முடியாது. அதனால் அவசரமும் இல்லை.

பரவலாகச் சொல்லப்படும் மற்ற உத்திகளைப் பற்றியும் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவது சிலருக்கு உதவுகிறது. பெரும்பாலோருக்கு அது ஆபீஸ் வேலையின் தொடர்ச்சியாகிவிடுகிறது. ‘ஒன்றை முடித்தால்தான் அடுத்ததை வாங்குவேன்’ என்ற விதி கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பிடிக்காத விளையாட்டையும் முடித்துத் தொலைக்க வைக்கும். காசு போட்டுவிட்டோமே என்பதற்காகச் சலிப்பைச் சகித்துக்கொள்வது, போன காசோடு நேரத்தையும் சேர்த்துக் கொடுப்பது. பாதியில் விட உரிமை உண்டு. யாரும் நமக்கு அரியர் போடவில்லை. மாதச் சந்தா முறைகள் வாங்கும் ஆசையைக் கட்டுப்படுத்தும் என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் அங்கே விளையாட்டுகள் வந்து போய்க்கொண்டிருக்கும்; ‘மாத இறுதிக்குள் போகிறது’ என்ற பட்டியல் ஒரு புதிய பதற்றம். எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் 2025 அக்டோபரில் விலையை ஏற்றியபோது, ஆடாமல் சந்தா கட்டிக்கொண்டிருந்தவர்கள் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று.

நீளத்தை முன்கூட்டிப் பார்ப்பது மிகவும் பயனுள்ள பழக்கம். ஹவ் லாங் டு பீட் என்ற தளத்தில் ஆடியவர்கள் தங்கள் நேரத்தைப் பதிகிறார்கள். விட்சர் 3இன் முதன்மைக் கதைக்கு ஐம்பது மணி நேரம், கிளைக்கதைகளோடு நூறு. பெர்சோனா 5 ராயல் நூறைத் தொடும். போர்ட்டல் மூன்று மணி நேரம், ஜர்னி இரண்டு. வாரத்துக்கு ஐந்து மணி நேரம் உள்ளவருக்கு விட்சர் 3 என்பது இரண்டரை மாதம். தெரிந்தே அதில் இறங்கலாம். அது அருமையான விளையாட்டு. தெரியாமல் அப்படி நாலு விளையாட்டில் ஒரே நேரத்தில் இறங்குவதுதான் சிக்கல். நீளமானது ஒன்று, குட்டையானது ஒன்று என்று இரண்டை மட்டும் கையில் வைத்திருப்பவர்கள் முடிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீளமானதை ஆடுகிறவர்களுக்கு இன்னொன்று. நிறுத்தும்போது ஒரு நோட்டில் மூன்று வரி எழுதிவையுங்கள்: எங்கே நிற்கிறேன், அடுத்து என்ன செய்ய இருந்தேன், எந்தப் பொத்தான் குழப்புகிறது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2இல் குதிரையில் இருக்கும்போது ஒரு மாதிரி, தரையில் நிற்கும்போது ஒரு மாதிரி பொத்தான்கள் வேலைசெய்யும். மூன்று வாரம் விட்டுத் திறந்து, யாரையோ கும்பிடப் போய்த் துப்பாக்கியைத் தூக்கி, ஊரே துரத்த ஓடியவர்களுக்கு அந்த மூன்று வரியின் அருமை தெரியும். பாதியில் கைவிடப்பட்டவற்றில் பல, பிடிக்காமல் விடப்பட்டவை அல்ல. திரும்பும் வழி மறந்ததால் விடப்பட்டவை.

வாங்கிச் சேர்ப்பதற்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது: இன்று வாங்காவிட்டால் நாளை கிடைக்காமல் போகலாம். 2023 மார்ச்சில் நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான இணையக் கடையை மூடியது. அதே ஆண்டு வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்றது. ஆனால் வாங்கினால் மட்டும் காப்பாற்றியதாகுமா? யூபிசாஃப்டின் தி க்ரூ விளையாட்டுக்கான சர்வர்கள் 2024 மார்ச் 31இல் நிறுத்தப்பட்டன. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் அது அன்றோடு முடிந்தது. அதிலிருந்து எழுந்த ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்துத் திரட்டியது. கலிஃபோர்னியா மாநிலம் 2025 முதல், டிஜிட்டல் கடைகள் விற்பது உரிமம் மட்டுமே என்பதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் செய்தது. நம் நாட்டிலும் அப்படி ஒரு விதி வேண்டும் என்று அழுத்தமாக நினைக்கிறேன்.

சர்வரை நம்பாத விளையாட்டின் அருமையை இங்கேயும் பார்த்தோம். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தைத் தூத்துக்குடி மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. உயிரையும் வீட்டையும் இழந்தவர்கள் இருக்க, விளையாட்டைப் பற்றி அன்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் கரண்ட் திரும்பியும் நெட் திரும்பாத இடங்களில், வீட்டுக்குள் அடைந்துகிடந்த பிள்ளைகளுக்குக் கைகொடுத்தவை சர்வரை நம்பாமல் ஓடும் விளையாட்டுகளே. பாதுகாத்து வைக்கவேண்டும் என்ற எண்ணத்தில் வாங்குகிறவர்கள் அத்தகையவற்றையே வாங்கட்டும். ஜிஓஜி போன்ற தளங்கள் பூட்டில்லாத கோப்பாகவே தருகின்றன. ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து வைக்கலாம். வட்டுகளும் அப்படியே, உள்ளே முழு விளையாட்டும் இருந்தால்.

சேர்த்தது பிள்ளைகளுக்குப் போகுமா என்றால், சட்டப்படி போகாது. ஸ்டீம் கணக்கை உயில் எழுதி மாற்ற முடியாது என்று 2024இல் அந்நிறுவனத்தின் உதவிப் பிரிவு பதில் சொன்னது செய்தியானது. உயிரோடு இருக்கும்போது பகிரலாம். 2024 செப்டம்பரில் முழுமையாக வந்த ஸ்டீம் ஃபேமிலீஸ் வசதியில் ஒரே வீட்டில் உள்ள ஆறு பேர் வரை தத்தம் நூலகங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்பாவின் கிடப்பு அப்போது பிள்ளையின் புதையலாகிறது. எதை எந்த வயதில் தருவது என்பதை மட்டும் பெற்றோர் உட்கார்ந்து பார்த்துத் திறந்துவிட வேண்டும்.

கடைசியாக, வாங்கியும் ஆடாமல் விடவே கூடாத வகை ஒன்று உண்டு. டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’ அந்த வகை. எண்பதுகளில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம். அம்மாவின் கிழிந்த சமையல் நோட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து ஆடுகிறவரே சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எந்த ஒழுங்கில் அடுக்கினால் ஆவி ஏறும் என்பதே முதல் புதிர். இந்த விளையாட்டு 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதையும், சுயாதீன விளையாட்டு விழாவின் உச்ச விருதையும் வாங்கியது. ஆடி முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும். இத்தனை குறுகிய விளையாட்டைக்கூட ‘நம்மாளுங்க பண்ணது’ என்று பெருமையோடு வாங்கிவிட்டுத் திறக்காமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கியதால் செய்தவர்களுக்குப் பணம் போயிருக்கும், உண்மைதான். ஆனால் சிறிய குழுக்களுக்கு அதற்குமேல் ஒன்று தேவை. ஸ்டீமில் ஒரு விளையாட்டுக்குப் பத்து விமர்சனமாவது சேர்ந்தால்தான் அதன் மதிப்பீடே பக்கத்தில் தெரியும். தமிழில் அடுத்து யார் செய்தாலும் முதல் வாரத்திலேயே முழு விலை கொடுத்து வாங்குங்கள், அந்த வாரமே ஆடுங்கள், பிடித்ததையும் பிடிக்காததையும் இரண்டு வரி தமிழிலேயே எழுதுங்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவராக இருப்பது, தள்ளுபடியில் பத்து விளையாட்டு வாங்கிவைப்பதைவிட அவர்களுக்குப் பயன்படும்.